எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா? பழைய பேப்பரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

தோவாளை டீச்சர்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆண்டு மலருக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியே "1914-இல் எம்டன் கப்பலில் வந்து சென்னை மீது குண்டு வீசியவர் நம் மண்ணின் மைந்தர் செண்பகராமன்" என்றுதான் தொடங்குகிறது. எம்டன் முதல் உலகப் போரில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்த ஜெர்மன் போர்க்கப்பல். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், அந்த வருஷம் அவர் சூரிச்சில இருந்தார்னு அடுத்த பக்கத்துல நாமளே எழுதியிருக்கோமே, ரெண்டும் எப்படி மிஸ் சரியா வரும்?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்துப் பேப்பர்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டேன். எங்கே, எப்படித் தேட வேண்டும்? அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது.

பழைய காகிதம்

டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டதுதான் முறையான கேள்வி. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இந்த மாதிரி விஷயங்களில் பழைய பேப்பருக்கு இருக்கிற பெரிய பலம் அதன் தலைப்பில் அச்சான தேதிதான். யார் வீரர், யார் துரோகி என்பதில் பேப்பர் தப்பாக எழுதும். கப்பல் என்றைக்கு எங்கே இருந்தது என்பதில் அவ்வளவு சுலபமாகத் தப்பாது. வியாபாரிகளும் இன்சூரன்ஸ்காரர்களும் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கப்பல், வலப்பக்கம் செண்பகராமன்.

முதலில் கப்பல். 1914 ஜூலை 31 அன்று சீனாவில் ஜெர்மனி வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டு எம்டன் கிளம்புகிறது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் பாகன் தீவு. அங்கே ஜெர்மன் கடற்படை அணியிலிருந்து பிரிந்து தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது. செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் 'இண்டஸ்' என்ற கப்பலைப் பிடிக்கிறது. பிறகு வரிசையாக லோவட், கில்லின், டிப்ளமட் என்று மூழ்கடிக்கிறது. 'கபிங்கா' என்ற கப்பலை மட்டும் பிடிபட்ட மாலுமிகளை ஏற்றிக் கல்கத்தாவுக்குப் போகவிடுகிறது. செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னை. அக்டோபர் 28 விடிகாலை பினாங்கு. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுப் பாறையில் ஏறி, அத்தோடு முடிந்தது. மொத்தம் மூன்று மாதம் சொச்சம்.

இனி வலப்பக்கம். போர் வெடித்தபோது அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில். 1914 செப்டம்பரில் அங்கே இந்திய ஆதரவுக் குழுவை அமைத்து, அங்குள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தோடு தொடர்பில் இருக்கிறார். அக்டோபரில் பெர்லின் போய், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலான இந்தியப் புரட்சிக்காரர்களோடு ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆதரவில் வேலை பார்க்கிறார்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். சூரிச்சுக்குக் கடல் கிடையாது. சூயஸ் கால்வாய் பிரிட்டிஷார் கையில். எம்டன் அந்த மூன்று மாதமும் ஜெர்மனிப் பக்கமே போகவில்லை. அவர் ஏறுவதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

தேட வேண்டிய இடங்கள்: ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி, நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட். மூன்றும் இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் காசு கட்ட வேண்டியது. இந்த வேலைக்குத் தேவைப்படாது.

சுசீந்திரத்தான்

மன்னிக்க வேண்டும், இதைப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து மனுஷர் ஒருவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நாலு விஷயம் இருந்தால், அதில் மூன்றைப் பொய் என்று சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அப்போது இருந்த பேப்பர் எல்லாம் வெள்ளைக்காரன் பேப்பர்தானே? தன்னிடம் அடிமையாக இருந்த நாட்டுக்காரன் எதிரிக் கப்பலில் நின்று தன் ஊரைச் சுட்டான் என்று அவனே அச்சடித்து விற்பானா? போர்க்காலத் தணிக்கை வேறு. பேப்பரில் அவர் பெயர் இல்லை, அதனால் அவர் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

பழைய காகிதம்

சுசீந்திரத்தான், உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்: "பேப்பரில் இல்லை, அதனால் நடக்கவில்லை" என்று சொல்லக் கூடாது. தணிக்கை இருந்தது உண்மை. அதனால்தான் நான் அவர் பெயரைத் தேடச் சொல்லவே இல்லை. பெயர் வராததை நான் ஆதாரமாக எடுக்கவும் இல்லை.

நான் பிடித்துக்கொண்டது தணிக்கை தொட முடியாத விஷயங்களை. கபிங்காவில் கல்கத்தா போய் இறங்கிய மாலுமிகள் தாங்கள் பிடிபட்ட நாளையும் இடத்தையும் சொன்னார்கள். நடுநிலை நாட்டுக் கப்பல்கள் கடலில் எம்டனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் உண்டு. இதெல்லாம் தனித்தனி வாய்கள். அதற்கும் மேலே, எம்டனில் இருந்தவர்களே எழுதியது இருக்கிறது. துணைத் தளபதி முக்கே, கோக்கோஸ் தீவில் தரையிறங்கிய சுமார் ஐம்பது பேரோடு 'ஆயிஷா' என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாக கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தவர். ஜெர்மனியில் அவருக்குப் பிரிட்டிஷ் தணிக்கை ஏது? இந்தியப் புரட்சிக்காரர் ஒருவர் தன் கப்பலில் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய பிரச்சாரம் ஜெர்மனிக்குக் கிடைத்திருக்காது. மறைக்கக் காரணமே இல்லை. எம்டனில் துணி துவைத்த சீனத் தொழிலாளர்களைக்கூடப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். எம்டனை எடுத்துவிட்டாலும் அவர் வாழ்க்கை சின்னதாகிவிடாது. இருபத்து மூன்று வயதில் சூரிச்சில் உட்கார்ந்து பேரரசுக்கு எதிராகப் பத்திரிகை நடத்தியவர். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவுப் பொறுப்பு அவர் பெயரில் இருந்தது. 1934-இல் பெர்லினில் சாகும்வரை ஊர் திரும்ப முடியாமலே போனவர்.

தோவாளை டீச்சர்

சார், நேற்று ராத்திரி பிள்ளைகளோடு சேர்ந்து ட்ரோவில் தேடினோம். முதலில் செப்டம்பர் 22 என்று தேதி போட்டுத் தேடியதில் ஒன்றும் சரியாக வரவில்லை. அப்புறம் மாதம் முழுக்கப் போட்டதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அறுபது பேப்பருக்கு மேல் எண்ணிவிட்டோம். பெரிய நகரப் பேப்பர்கள், பெயரே கேள்விப்படாத சின்ன ஊர்ப் பேப்பர்கள், எல்லாவற்றிலும் மெட்ராஸ்! பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். "அறுபது ஆதாரம் மிஸ்" என்கிறார்கள். ஆனால் ஒன்றில் ஜெர்மன் கப்பல் இரண்டு என்று இருக்கிறது, ஊர் பெயரும் வேறு. குழப்பமாக இருக்கிறது.

பழைய காகிதம்

டீச்சர், முதல் ராத்திரியிலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்.

22-ஆம் தேதி ராத்திரி நடந்ததை 22-ஆம் தேதி காலைப் பேப்பர் போட முடியாது. தந்தி லண்டன் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா வந்து, கோர்த்து அச்சாக வேண்டும். எப்போதும் நடந்த நாளுக்கு மறுநாள் தொடங்கி மூன்று வாரம் தள்ளிப் பாருங்கள். தந்தியில் நாலு வரி வந்த விஷயம், தபாலில் சென்னைப் பேப்பர் போய்ச் சேர்ந்த பிறகு அரைப் பக்கமாக விரியும். அந்த இரண்டாவது செய்திதான் பெரும்பாலும் கண்ணால் பார்த்தவர்களுடையது.

அந்த இரண்டு கப்பல் செய்தி டஹிட்டித் தீவின் பபீட்டே. அதே செப்டம்பர் 22 அன்று ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்கள் பபீட்டேயைச் சுட்டன. அதே நாள் காலையில்தான் வடகடலில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்து ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரத்துப் பக்கங்களில் சென்னை ஏன் ஒரு மூலைக்குப் போனது என்று இப்போது புரியும். தலைப்பின் அளவைப் பார்த்து ஒரு சம்பவம் பெரியதா சின்னதா என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். அந்த அறுபதில் ஐந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் அப்படியே ஒன்றாக இருக்கும். ஒரு பேப்பரில் கடைசி வரியை இடமில்லாமல் வெட்டியிருப்பார்கள், இன்னொன்றில் தலைப்பை மாற்றியிருப்பார்கள். எல்லாம் ஒரே தந்தி. அறுபது பேப்பர் சொல்லவில்லை. ஒரே ஆள் சொன்னதை அறுபது பேர் அச்சடித்தார்கள். ஆதாரம் ஒன்றுதான். ஒரு பெட்டியில் ஒரே மாதிரி வாசகம் உள்ளதையெல்லாம் போடுங்கள். கடைசியில் எத்தனை பெட்டி வருகிறதோ அத்தனைதான் சாட்சி. இந்த வேலையைச் செய்யாமல் "நூற்றுக்கணக்கான நாளேடுகள் எழுதின" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மண்ணடிவாசி

சென்னைக்காரன் என்பதால் ஒரு வார்த்தை. பிள்ளைகள் 'சென்னைக் கோட்டை மேல்' என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள் டீச்சர். குறி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள். சுமார் 130 குண்டு, பத்து நிமிஷ வேலை. டாங்குகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலும் அடி வாங்கியது. ஹைகோர்ட் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது, கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம். அப்போது கலங்கரை விளக்கமும் ஹைகோர்ட் கட்டடத்தின் மேல்தான் இருந்தது. ஊரே விளக்கெரிந்துகொண்டிருந்த ராத்திரி அது.

வடமராட்சி

ரீச்சர், நல்ல முயற்சி. இலங்கையில எங்கட பக்கமும் எம்டன் கதை கனக்க இருக்கு. கெட்டித்தனமான, கொஞ்சம் பயங்கரமான ஆளை "அவன் எம்டன்" எண்டுதான் நாங்களும் சொல்லுறனாங்கள்.

வதந்தி ஒரு மனிசனை என்ன செய்யும் எண்டதுக்கு இங்க ஒரு கதை. தென்னாப்பிரிக்காவில நடந்த போயர் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி எங்கெல்பிரெக்ட் எண்டவர், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால ஊருக்குத் திரும்ப முடியாமல், அம்பாந்தோட்டைப் பக்கம் யால காட்டுக்குக் காவலராக இருந்தவர். எம்டனுக்கு இறைச்சி குடுத்தவர் எண்டு ஆரோ கதை கட்டி, அவரை உள்ளுக்குப் போட்டார்கள். எம்டன் இலங்கைக் கரையில் இறங்கவே இல்லை. ரீச்சர் நோட்டில போட்ட மாதிரி ஒரு கோடு போட்டுக் கப்பலின்ர திகதிகளைப் பார்த்திருந்தால் அந்த மனிசன் தப்பியிருப்பார்.

ஆனால் ஒண்டைச் சொல்லாமல் இருக்க ஏலாது. எங்கட பழைய பத்திரிகைகள் எத்தனை யாழ்ப்பாண நூலகத்தோட 1981-இல எரிஞ்சு போச்சுது. 97 ஆயிரம் புத்தகம், ஏடு, பத்திரிகை எண்டு கணக்கு. 'நூலகம்' எண்ட வலைத்தளத்தில பெடியள் வீடு வீடாய்த் தேடி மிஞ்சினதை ஸ்கான் பண்ணி ஏத்திக்கொண்டிருக்கினம். 1841-இல தொடங்கின உதயதாரகை மாதிரி ஒரு பத்திரிகை உள்ள ஊரைப் பற்றி ஒருத்தர் "தேடினேன், ஒன்றும் வரவில்லை, எனவே நடக்கவில்லை" எண்டு எழுதேக்க நெஞ்சு வலிக்குது. ஆஸ்திரேலியாவில ஒரு சின்ன ஊரில மாடு தொலைஞ்சதும் தேடினால் வருது. எங்கட ஊரில மனிசர் செத்ததும் வராது.

பழைய காகிதம்

அண்ணா, நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே குறைதான், வேறு விதமாக. சுதேசமித்திரன் 1882-இல் தொடங்கி 1899-இல் நாளேடானது. அது இன்றைக்குப் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலும் நூலக அலமாரிகளிலும்தான் கிடைக்கிறது. ட்ரோவ் மாதிரி ஒரு சொல்லைத் தட்டினால் வரிசையாக வந்து நிற்காது. உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படி உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கஷ்டமும் சுகமும் தெரியும். இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. மெட்ராஸ் அரசாங்கம் தமிழ், தெலுங்குப் பத்திரிகைகளைக் கண்காணிக்க வாரா வாரம் அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் ரகசிய அறிக்கையாகத் தொகுத்தது. காணாமல் போன எத்தனையோ பத்திரிகையின் குரல் அதில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. போலீஸ் கண்ணால் பொறுக்கியது என்பதை மட்டும் மறக்காமல் படிக்க வேண்டும்.

பினாங்கு பேரன்

அண்ணே, நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். "1921-இல் ரஜூலா கப்பலில் வந்தேன்" என்று சாகும்வரை சொல்வார். குடும்ப வரலாறு எழுதுகிறேன். சிங்கப்பூர்ப் பேப்பர்களில் 1921 முழுக்கத் தேடிவிட்டேன், ரஜூலா வரவே இல்லை. தாத்தா பெயரும் இல்லை. தாத்தா பொய் சொல்கிற ஆள் இல்லை அண்ணே.

பழைய காகிதம்

தம்பி, தாத்தா பொய் சொல்லவில்லை. ரஜூலா 1926-இல்தான் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வழியில் ஓடி, ஊருக்குப் போனவர் வந்தவர் எல்லாருக்கும் கப்பல் என்றாலே ரஜூலா என்று ஆகிவிட்டது. தாத்தா பிற்பாடு ஊருக்குப் போய் வந்தது அதில் இருக்கலாம். இல்லையென்றால் வருஷம் பிசகியிருக்கலாம். இரண்டில் எது என்று பார்க்க வழி உண்டு. பேப்பரில் கப்பல் வரவு பத்தி என்று தினமும் பொடி எழுத்தில் வரும், கப்பல் கம்பெனி விளம்பரமும் வரும். நாகப்பட்டினத்திலிருந்து எந்தக் கப்பல் எந்தத் தேதியில் பினாங்கு வந்தது என்று அதில் பிடிக்கலாம். தாத்தா சொன்ன வேறு அடையாளம், வந்தபோது தீபாவளியா, எந்தத் தோட்டத்துக்குப் போனார், பெரியம்மா அப்போது பிறந்துவிட்டாரா, இப்படி எதையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாத்தா பெயரைப் பேப்பரில் தேடாதீர்கள். முதல் வகுப்பில் வந்த துரைமார் பெயரைத்தான் போடுவார்கள். கப்பலின் திறந்த மேல்தளத்தில் பாய் விரித்து வந்த நம் ஆட்கள் வெறும் எண்ணிக்கை. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

பினாங்கு பேரன்

பெரியம்மா பிறந்தது 1928. தாத்தா வந்தபோது பெரியம்மா கைக்குழந்தை என்று பாட்டி சொல்லியிருக்கிறார். இது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. நன்றி அண்ணே. நாளைக்கே 1928, 29 பார்க்கிறேன்.

கீழவாசல்

இடையில் ஒரு கேள்வி: பாரதியை யானை மிதித்துக் கொன்றது என்பதையும் இப்படிப் பார்க்கலாமா?

பழைய காகிதம்

பார்க்கலாம், சீக்கிரமாகவே முடிந்துவிடும். திருவல்லிக்கேணியில் யானை தள்ளியது முதலில். அதற்குப் பிறகு அவர் சுதேசமித்திரனில் வேலை பார்த்திருக்கிறார், 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் போய்ப் பேசியிருக்கிறார். இறந்தது செப்டம்பரில், வயிற்றுக்கடுப்பால். தேதி வரிசையே பதில் சொல்லிவிடும்.

சுசீந்திரத்தான்

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பழைய காகிதம் சொன்ன நோட்டுக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஜூலை 31-க்கும் நவம்பர் 9-க்கும் நடுவில் அவரை எங்கே ஏற்றுவது என்று தேடினேன். இடம் கிடைக்கவில்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சர், பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் அஸ்தியை அவர் மனைவி லட்சுமிபாய் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்துக் காப்பாற்றினார். 1966-இல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. எங்கள் அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். பேப்பரில் வந்த படத்தை வெட்டிச் சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். கோந்து மஞ்சளித்து, ஓரம் பூச்சி அரித்து, இன்னும் இருக்கிறது. தேதி இருந்த பக்கத்தை வெட்டாமல் விட்டுவிட்டார். மொபைலில் படம் எடுத்து அனுப்புகிறேன், மலரில் போடுவீர்களா?

தோவாளை டீச்சர்

கண்டிப்பாகப் போடுகிறோம் ஐயா. தேதியைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்கிறார்கள். மாவட்ட நூலகத்தில் 1966 பேப்பர் கட்டு இருக்கிறதா என்று சனிக்கிழமை போய்க் கேட்கிறோம்.

கட்டுரையின் முதல் வரியை மாற்றிவிட்டோம். இப்போது இப்படித் தொடங்குகிறது: "1914-இல் எம்டன் சென்னையைச் சுட்டபோது செண்பகராமன் பிள்ளை சூரிச்சில் இருந்தார். அவர் ஒரு போர்க்கப்பலில் ஊர் வந்து சேர்ந்தது 1966-இல்." அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை எழுதியதுதான்.

இன்னொன்று. ட்ரோவில் பேப்பர் படத்துக்குப் பக்கத்தில் கணினி படித்த எழுத்து வருகிறதல்லவா, அதில் தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு செய்தியில் எம்டன் (Emden) என்ற ஆங்கிலச் சொல்லில் எம் (m) எழுத்து மங்கி, ஆர், என் (rn) என்று இரண்டாக உடைந்து 'எர்ன்டன்' (Ernden) என்று கிடந்தது. அதனால்தான் தேடியபோது அது முதலில் வரவே இல்லை. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று அதைத் திருத்திவிட்டார்கள். அடுத்த செய்தியில் பதினேழு வரி பாக்கி இருக்கிறதாம், மணி அடித்ததும் மனசில்லாமல் எழுந்து போனார்கள்.